செயலி உருவாக்குநர்களுக்கு: நிரல் துணுக்குகளும் கிட் பயன்பாடும் (கேள்வி பதில்)

கொழும்பில் செயலி உருவாக்கும் தோழர்களின் கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும். கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி; அதில் பதியும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்.

வெள்ளவத்தை வாசகர்: ஊர்ப் பெயர்களை ஐந்து எழுத்துக்குள் சுருக்கினால், அன்ட்ரொய்டில் ‘கொழும்பு’ என்பது ‘கொழும’ என்று வருகிறது. ஏன், ஐயா?

அன்ட்ரொய்ட் செயலிகளை எழுதும் கொட்லின் மொழி எண்ணுவது யூனிகோட் அலகுகளையே. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி அலகுகள் என்பதால் ‘கொழும்பு’ என்பதன் லெங்த் (நீளம்) 8 ஆகிறது. ஐஃபோன் செயலிகளை எழுதும் ஸ்விஃப்ட் மொழியின் கவுண்ட் (எண்ணிக்கை) அதே சொல்லுக்கு நாம் எண்ணுவதைப் போலவே 4 என்று சொல்லும். ஆகவே தமிழிலும் சிங்களத்திலும் சொல்லை வெட்டும் டேக், சப்ஸ்ட்ரிங் ஆகியவற்றை நேரடியாகப் பயன்படுத்தாமல், பிரேக்இட்டரேட்டர் வகுப்பு தரும் எழுத்து எல்லைகளில் மட்டும் வெட்டுங்கள். இரு வகைத் தொலைபேசிகளுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் ஃபிளட்டரில் கரெக்டர்ஸ் பொதி இதைச் செய்யும். மும்மொழிகளில் இயங்க வேண்டிய இலங்கைச் செயலியில் இதைப் பொதுவான ஒரு ஃபங்ஷனாக எழுதி, அதற்கான சோதனையையும் அதே கமிட்டில் சேர்ப்பதே முறை. ஒருவரின் பெயரைச் சிதைத்துக் காட்டுவதை நான் சிறிய பிழையாகக் கருதுவதில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்: செயலிக்குக் கையொப்பமிடும் சாவி உள்ள எங்கள் கீஸ்டோர் கோப்பும் கடவுச்சொல்லும் பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விட்டன. மறுநாள் நீக்கிவிட்டோம். அது போதுமா?

போதாது. முந்தைய கமிட்டுகளில் அவை அப்படியே இருக்கும். சேர்க்கக்கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோரும் ஏற்கெனவே சேர்ந்த கோப்பைத் தொடாது. யாரேனும் நகலெடுத்திருக்கலாம் என்பதால், வரலாற்றைத் திருத்துவதற்கு முன்பே சாவியை மாற்றுங்கள். உங்கள் செயலி கூகுள் பிளேயின் கையொப்பச் சேவையில் இருந்தால் (2021 ஓகஸ்ட் முதல் புதிய செயலிகளுக்கு அது கட்டாயம்), பதிவேற்றச் சாவியை மாற்றித் தரும்படி பிளே கன்சோல் வழியாகக் கோரலாம். அதன் பின்னர் கிட் ஃபில்டர்ரெப்போ என்ற கருவி கொண்டு அந்தக் கோப்புகளை வரலாறு முழுவதிலுமிருந்து அகற்றி, அணியினர் அனைவரையும் களஞ்சியத்தைப் புதிதாகக் குளோன் செய்யச் (நகலெடுக்கச்) சொல்லுங்கள். பழைய நகலிலிருந்து ஒருவர் புஷ் செய்தாலே (களஞ்சியத்துக்கு அனுப்பினாலே) அகற்றியவை திரும்பிவிடும்.

தெகிவளை வாசகர்: பழைய நிலைக்குத் திருப்பும் கிட் ரீசெட் ஹார்ட் கட்டளையைக் கொடுத்ததில் சில கமிட்டுகள் மறைந்துவிட்டன. மீட்க முடியுமா?

முடியும். கிட் ரிஃப்லொக் கட்டளை ஹெட் (நீங்கள் இருக்கும் கமிட்டைச் சுட்டும் குறி) நின்ற இடங்களை வரிசையாகக் காட்டும். கடைசிக் கமிட்டின் அடையாளத்தை எடுத்து, புதிய கிளையை உருவாக்கும் கிட் பிராஞ்ச் கட்டளைக்கு ஒரு புதிய பெயருடன் அதைக் கொடுங்கள். எந்தக் கிளையிலும் இல்லாத கமிட்டின் பதிவு இயல்பாக 30 நாட்களே காக்கப்படும் என்பதால் தாமதிக்க வேண்டாம். கமிட் செய்யாத மாற்றங்களை ரிஃப்லொக் தராது. அவற்றை அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவின் லோக்கல் ஹிஸ்டரியில் (அது தானே வைத்திருக்கும் மாற்றப் பதிவில்) தேடிப் பாருங்கள்.

மருதானை வாசகர்: பயன்படுத்தும் பொதிகளின் சரியான பதிப்புகளைக் குறித்துவைக்கும் பப்ஸ்பெக் லொக், பொட்ஃபைல் லொக் கோப்புகளைக் கமிட் செய்ய வேண்டுமா?

செயலி என்றால் கட்டாயம் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே நிரலுக்கு இருவரின் கணினிகளில் வெவ்வேறு பதிப்புப் பொதிகள் இறங்கக்கூடும். நிரலிலிருந்து கணினி உருவாக்கும் கோப்புகள் உள்ள பில்ட் கோப்புறையை மட்டும் சேர்க்காதீர்கள்.