ஹெய்சன் நடைவழியில் பர்ராவுக்கு வடக்கே ஒரு நாள்: கேள்வி பதில்

தெற்கு ஆஸ்திரேலியாவின் கேப் ஜெர்விஸ் முனையிலிருந்து பராச்சில்னா பள்ளத்தாக்கு வரை சுமார் 1,200 கிலோமீட்டர் நீளும் ஹெய்சன் நடைவழியில், பர்ரா ஊரிலிருந்து வடக்கே பிரயன் மலையை (936 மீட்டர்) நோக்கிச் செல்லும் பகுதியைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் அங்கே நடக்கலாமா?

பதில்: இயலாது. பாதையின் பெரும்பகுதி தனியார் பண்ணைகளுக்குள் உரிமையாளர்களின் இசைவுடன் செல்கிறது. தீ அபாயக் காலமான ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்நிலங்கள் நடப்போருக்கு மூடப்பட்டிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை செல்லுங்கள். ஜூலையில் காலை உறைபனியும் மேட்டில் குளிர்காற்றும் இருக்கும்.

கேள்வி: வரைபடத்தில் பல ஓடைகள் தெரிகின்றன. தண்ணீர் சுமக்க வேண்டுமா?

பதில்: அவசியம் சுமக்க வேண்டும். அந்த ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் கல்லும் மணலும்தான். காற்றாலை இறைக்கும் ஆட்டுத்தொட்டி நீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருக்கும். தங்குகுடில்களின் மழைநீர்த் தொட்டி வறண்டும் போகலாம் என்பதால், ஆளுக்கு நான்கு லிட்டர் எடுத்துச் செல்வதே என் பரிந்துரை.

கேள்வி: குன்றுகள் ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கின்றன? தாமிரச் சுரங்கம்தான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் அதுதான். 1845 முதல் 1877 வரை இயங்கிய பர்ரா சுரங்கத்துக்கும் அதன் உருக்காலைக்கும் சுற்றுவட்டார மரங்கள் விறகாயின. யூகலிப்டசும் சவுக்கின் உறவான மரங்களும் அவ்வாறு மறைந்தன. ஆனால் பல குன்றுகள் அதற்கு முன்பே புல்வெளிகளாகத்தான் இருந்தன. குடியேறிகளின் ஆடுகள் மேய்ந்தும், கலப்பை கிழித்தும், அங்கிருந்த உள்நாட்டுப் புற்களின் இடத்தைக் காட்டு ஓட்ஸும் ஊதாப் பூக்களால் வசந்தத்தில் நிலத்தையே மூடிவிடும் ‘சால்வேஷன் ஜேன்’ களையும் பிடித்துக்கொண்டன. படம் எடுப்போர் இயற்கையழகு என்று வியக்கும் அந்த ஊதா நிறம் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தது.

கேள்வி: வழியில் உள்ள இடிந்த கல் வீடுகளைக் கைவிட்டவர்கள் யார்?

பதில்: பெரும்பாலும் கோதுமை விவசாயிகள். 1865இல், கடும் வறட்சிக்குப் பின், தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் காய்டர் குதிரையில் சுற்றி, எதுவரை மழையை நம்பிப் பயிரிடலாம் என்பதற்கு ஒரு கோடு வரைந்தார். அக்கோடு பர்ராவை ஒட்டியே செல்கிறது. 1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்யவே, ‘ஏர் போகுமிடத்துக்கு மழையும் பின்தொடரும்’ என்ற நம்பிக்கை பரவியது. 1874இல் அரசும் அக்கோட்டின் சட்டக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. 1880களில் வறட்சி திரும்பியபோது, கோட்டுக்கு அப்பால் குடியேறியவர்களில் பலர் கல் வீடுகளை விட்டுவிட்டுப் போனார்கள். காய்டருக்குக் காலம் கடந்து கிடைத்த மரியாதையாக இன்றைய உள்ளாட்சி மன்றம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. துருவப் பயணி ஹியூபர்ட் வில்கின்ஸும் 1888இல் இப்பகுதியில், பிரயன் மலைக்கு அருகிலுள்ள மவுண்ட் பிரயன் ஈஸ்டில் பிறந்தவர். இளமையில் கண்ட வறட்சியே வானிலையை முன்கூட்டி அறியும் ஆர்வத்தை அவருக்குள் விதைத்தது.

கேள்வி: அதற்கு முன் அது யாருடைய நிலம்?

பதில்: நட்ஜூரி மக்களுடையது. நோயாலும் நிலப்பறிப்பாலும் அவர்கள் சிதறடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் இருக்கிறார்கள். சுரங்கத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகைகளை நிறையக் காணும் ஒருவர், இதையும் அறிந்து நடப்பதே முறை.

கேள்வி: பார்க்கத்தக்க உயிரினங்கள் உண்டா?

பதில்: கங்காருவும் ஈமுவும் எளிதாகத் தென்படும். அரியது, குள்ள நீலநாக்குப் பல்லி. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அது, 1992இல் பர்ரா அருகே இறந்து கிடந்த ஒரு பழுப்புப் பாம்பின் வயிற்றில் கண்டெடுக்கப்பட்டது. பிறகு உயிருள்ளவையும் அகப்பட்டன. உழப்படாத புல்வெளியில் சிலந்திகள் தோண்டிய துளைகளில் அது வாழ்கிறது. ஆகவே துளைகளில் ஊன்றுகோலைக் குத்தாதீர்கள்.

கேள்வி: வேலிக் கதவுகளை மூடிவிட்டுப் போக வேண்டுமா?

பதில்: எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்; தண்ணீருக்காக வேண்டுமென்றே திறந்து வைத்த கதவை மூடினால் ஆடுகள் தவித்துப்போகும். கதவு இல்லாத இடத்தில் வேலியைக் கடக்கப் படிகள் இருக்கும். கம்பியின் மேல் ஏற வேண்டாம்.