அறிவியல் துறையில் இளநிலை மாணவர்களுக்கான கல்வி ஆலோசகர் என்ன வேலை செய்கிறார்?

பாடப்பதிவுப் படிவத்தில் கையெழுத்திடுவதுதான் இந்த வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்து அதில் மிகச் சிறிய பகுதி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் (பாடங்களின் பளுவைக் கணக்கிடும் அலகுகள்) தேவைப்படும். அறிவியல் துறையில் அவற்றை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதே உண்மையான சிக்கல். பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலிலும், அதை முடிக்காமல் உயிர்வேதியியலிலும் வழக்கமாகச் சேர இயலாது. இவற்றில் ஒன்று ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடத்தப்படுமானால், முதலாண்டில் ஒரு பாடத்தில் தவறியவர் பட்டம் பெறுவதே ஓராண்டு தள்ளிப்போகக்கூடும். ஆகவே நல்ல ஆலோசகர் கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவார்.

இதைவிடக் கடினமானது, நுண்கணிதத்தில் இரண்டாம் முறையும் தவறிய மாணவரிடம் பேசுவது. அடிப்படை போதவில்லையா, வேலைக்குப் போவதால் நேரமில்லையா, வீட்டாரின் விருப்பத்துக்காகவே இத்துறையை எடுத்தாரா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. பொறுமையாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். மனநலச் சிக்கல் தென்பட்டால் உளவள ஆலோசகரிடம் அனுப்ப வேண்டுமே தவிர, தாமே அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. (பெற்றோர் தொலைபேசியில் மதிப்பெண் கேட்பதும் உண்டு, 1974ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டத்தின்படி, பொதுவாக மாணவரின் எழுத்துமூல ஒப்புதலின்றி அதைச் சொல்ல இயலாது.)

இப்பணிக்கு முனைவர் பட்டம் பெரும்பாலும் கட்டாயமில்லை. ஆயினும் அத்துறைப் பாடங்களைத் தாமே படித்திருப்பது, என் கணிப்பில், பெரும் நன்மை: ஒரே கிரெடிட் கொண்ட ஆய்வகப் பாடம் வாரத்தில் மூன்று மணி நேரத்தை விழுங்கக்கூடும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.