மலிவான மெய்நிகர் கருவியில் கண் பயிற்சி: கேள்வி பதில்

சோம்பேறிக் கண்ணுக்கான பயிற்சிகளை, கண்முன் அணியும் மெய்நிகர் (வி.ஆர்.) கருவிக்கான திறந்தமூல மென்பொருளாக (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நிரலாக) எழுதிவரும் நிரலாளர் ஒருவர், பலர் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி (மாணவர்): சோம்பேறிக் கண்ணுக்கும் மெய்நிகர் கருவிக்கும் என்ன தொடர்பு?

பதில்: ஒரு கண் மங்கலான பிம்பத்தையோ விலகிய பிம்பத்தையோ அனுப்பிக்கொண்டே இருந்தால், குழந்தைப் பருவத்திலேயே மூளை அதை ஒதுக்கப் பழகிவிடுகிறது. அப்படி ஒதுக்கப்பட்டதே சோம்பேறிக் கண். நல்ல கண்ணைப் பட்டையால் மறைக்கும் பழைய முறை, ஒதுக்கப்பட்ட கண்ணை உழைக்க வைக்கிறதே தவிர, இரு கண்களையும் சேர்ந்து பார்க்கப் பழக்குவதில்லை. மெய்நிகர் கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப்படம் காட்டுவதால், பந்தை ஒரு கண்ணுக்கும் மட்டையை மறு கண்ணுக்கும் காட்டி, நல்ல கண்ணின் படத்தில் மட்டும் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துவிடலாம். இரண்டையும் இணைக்காமல் அந்த ஆட்டத்தை ஆட இயலாது. இந்த வழியில் அமைந்த லூமினோப்பியா என்னும் கருவிக்கு, 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது.

கேள்வி: செலவு குறைய எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பழைய திறன்பேசியும் அட்டைப்பெட்டிக் கண்ணாடியும் போதும். அத்தகைய அட்டைக் கண்ணாடியாக கூகுள் 2014இல் வெளியிட்ட கார்ட்போர்டின் மென்பொருள் 2019இல் திறந்தமூலமாயிற்று. உலாவியிலேயே ஓட வேண்டுமெனில் ஏ-ஃப்ரேம் என்னும் மெய்நிகர் நிரல் தொகுப்பு. தனிச் செயலி வேண்டுமெனில் கோடோ என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருள்.

கேள்வி (கண் பரிசோதகர்): இதே கருவியில் பார்வைத் தெளிவையும் அளக்கலாமா?

பதில்: கூடாது என்பேன். கிடைமட்டத்தில் 1920 படப்புள்ளிகள் உள்ள திரையில் ஒரு கண்ணுக்கு 960 புள்ளிகளே கிட்டும். அவை ஏறக்குறைய 90 பாகை அகலத்தில் பரவும்போது ஒரு பாகைக்கு 11 புள்ளிகள்கூட வருவதில்லை. இயல்பான பார்வைக்குரிய 6/6 எழுத்தின் ஒரு கோட்டின் தடிமன் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, நம் ஒரு புள்ளியோ அதைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல். ஆகவே அதைப் போல ஆறு மடங்கு பெரிதான 6/36 எழுத்துக்குக் கீழே இக்கருவியால் எதையும் நேர்மையாக வரையவே முடியாது. எத்தனையோ செயலிகள் இந்தக் கணக்கைப் போடாமலே மதிப்பெண் தருகின்றன.

கேள்வி (நிரலாளர்): நல்ல கண்ணின் படத்தில் ஒளியைப் பாதியாக்க, திரையின் உச்ச ஒளி எண்ணான 255ஐ 128 ஆக்கினேன். எதிர்பார்த்ததைவிட இருண்டுவிட்டதே?

பதில்: திரையின் எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை, 128 என்பது முழு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தரும். கணக்கை நேர்கோட்டு ஒளி அளவில் (எண் இருமடங்கானால் ஒளியும் இருமடங்காகும் அளவில்) செய்து, இறுதியில் மட்டும் திரை எண்ணாக மாற்றுங்கள். படத்தை வெறுமனே இருட்டாக்குவதும் சரியான வழியன்று. சராசரி ஒளியை மாற்றாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள வேறுபாட்டைச் சுருக்குவதே நோக்கம்.

கேள்வி (ஒரு தாய்): மருத்துவரைப் பார்க்காமல் என் மகனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. பலருக்கு முதல் மருந்து சரியான கண்ணாடியே. அதை மட்டும் சில மாதம் அணிந்தாலே பார்வை உயரும் குழந்தைகள் உண்டு. மாறுகண்ணுக்குப் பின்னால் விழித்திரைப் புற்றுநோய் மறைந்திருக்கும் அரிய வாய்ப்பையும் மருத்துவர்தான் விலக்க முடியும். பெரியவர்களிடம் வேறொரு ஆபத்து உள்ளது: மூளை ஒதுக்கிவைத்த பிம்பத்தை வலிந்து எழுப்பினால், நீங்காத இரட்டைப் பார்வை வந்து சேரலாம்.

கேள்வி: திறந்தமூலம் என்றால் மருத்துவக் கருவி விதிகள் பொருந்தாதா?

பதில்: பொருந்தும். உரிமம் எதுவாயினும், சிகிச்சை என்று சொன்ன உடனே விதிகளும் வந்துவிடும்.

கேள்வி: இது பட்டைக்கு மாற்றாகுமா?

பதில்: இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 5 முதல் 12 வயதுச் சிறார்களில் ஒரு பிரிவினர் நாளுக்கு ஒரு மணி நேரம் ஐபேடில் இருகண் விளையாட்டை ஆடினர்; மறு பிரிவினர் இரண்டு மணி நேரம் பட்டை அணிந்தனர். 16 வாரங்களுக்குப் பின் விளையாட்டு பட்டையை விஞ்சவில்லை. சொன்ன நேரத்தில் பெரும்பகுதியை ஆடி முடித்த பிள்ளைகள் மிகச் சிலரே. அதனால் என் செயலியில் நான் முதலில் எழுதியது விளையாட்டை அன்று, எத்தனை நிமிடம் உண்மையில் ஆடப்பட்டது என்று பதிவுசெய்யும் பகுதியை.