மூன்று குழந்தை இருக்கைகளை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். மூன்றாவது குழந்தை விரைவில் பிறக்கப்போகிறது. சின்னக் காரை விற்றுவிட்டு நடுத்தர அளவு எஸ்யூவி வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். ஐந்து இருக்கை போதும் என்கிறார் கணவர். ஏழு வேண்டும் என்கிறேன் நான். நீங்கள் சொல்வதைக் கேட்பதாக இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

பதில்: வாழ்த்துகள், அம்மா. வீட்டில் உள்ள இரண்டு குழந்தை இருக்கைகளையும், பிறக்கப்போகும் குழந்தைக்கு வாங்கவிருக்கும் இருக்கையையும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். மூன்றையும் நடு வரிசையில், அதாவது முன் சீட்டுகளுக்கு அடுத்த வரிசையில், பொருத்திப் பாருங்கள். விற்பனையாளர் பானெட்டைத் திறப்பார், சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டுவார். அதெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு எந்த வண்டி என்பதை முடிவு செய்யப்போவது நடு வரிசைதான். பல வருடம் பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எஞ்சின் பிடிக்காமல் வண்டியை மாற்றிய குடும்பங்களைவிட, பின்னால் இடம் போதாமல் மாற்றிய குடும்பங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஐந்து பேர் அமரலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பெரும்பாலான நடுத்தர எஸ்யூவிகளில் மூன்று குழந்தை இருக்கைகள் அருகருகே அடங்குவதில்லை. முதுகுச் சாய்வும் அமரும் மெத்தையும் சேருகிற இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். குழந்தை இருக்கையின் கொக்கிகள் இவற்றைத்தான் கவ்விப் பிடிக்கின்றன. ஐசோஃபிக்ஸ் என்று இதற்குப் பெயர். பெரும்பாலான வண்டிகளில் இந்தக் கம்பிகள் இரண்டு ஓரங்களில் மட்டுமே இருக்கும். நடு இடம் ஒடுக்கமானது, கொஞ்சம் மேடானதும்கூட. அங்கே வைக்கும் இருக்கையை சீட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். இரண்டாம் தலைமுறை பியூஜோ 5008-இல் நடு வரிசையில் மூன்று தனித்தனி இருக்கைகள் உண்டு, மூன்றிலும் ஐசோஃபிக்ஸ் உண்டு. அப்படிப்பட்ட வண்டிகள் குறைவு.

மூன்று இருக்கைகளும் உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நடு இருக்கையின் பெல்ட் பூட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பக்கத்து இருக்கையின் அடிப்பாகம் அதன்மேல் பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டு விரல்களை மட்டும் நுழைத்து, கண்ணால் பார்க்க வழியில்லாமல், தடவித் தடவித்தான் பெல்ட்டின் நாக்கைச் சொருக முடியும். ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை அது பூட்டவில்லை என்றே அர்த்தம். ஷோரூமின் வெளிச்சத்தில், யாரும் அழாதபோது, ஒருமுறை செய்துவிடலாம். மழை பெய்யும் காலையில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் முடியுமா? உங்கள் கணவரையும் இதைத் தன் கையால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

கைக்குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் பயணம் செய்ய வேண்டும். குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிமுறை குறைந்தது 15 மாதம்வரை என்கிறது. இருக்கை இடம் கொடுக்கும்வரை அப்படியே தொடர்வது இன்னும் நல்லது. சிறு குழந்தையின் தலை உடம்பை ஒப்பிடும்போது பெரியது, கழுத்து இளசு. பின்பக்கம் பார்த்திருந்தால், மோதலில் முன்னால் வீசப்படும் தலையின் வேகத்தை இருக்கையின் முதுகுப்புறம் முழுவதும் தாங்கிக்கொள்கிறது என்பதே காரணம். ஆனால் அந்த இருக்கை நீளவாக்கில் நிறைய இடம் கேட்கும். எனவே உங்கள் இருவரில் உயரமானவர் ஓட்டுகிற அளவுக்கு முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு அதைப் பொருத்திப் பாருங்கள். இடம் போதவில்லையே என்று அதை முன் சீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். ஏர்பேக் செயலில் இருக்கும் முன் சீட்டில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை உயிருக்கே ஆபத்து.

இனி ஏழு இருக்கை. நான் உங்கள் பக்கம்தான், ஆனால் நிபந்தனைகளோடு. நடுத்தர எஸ்யூவியின் மூன்றாம் வரிசையில் வளர்ந்தவர் வசதியாக உட்காருவது அரிது. டொயோட்டா நிறுவனமே ஹைலேண்டர் என்ற மூன்று வரிசை எஸ்யூவியை வைத்துக்கொண்டு, பின்வரிசையில் தாராளமாக இடம் வேண்டுவோருக்காக 2023-இல் கிராண்ட் ஹைலேண்டர் என்று பெரிய வண்டி ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தது. மூன்றாம் வரிசையைத் தூக்கி நிறுத்தினால் டிக்கியும் சுருங்கும். முதல் தலைமுறை ஸ்கோடா கோடியாக்கில் ஐந்து இருக்கை வண்டிக்கு 720 லிட்டர் டிக்கி. ஏழு இருக்கை வண்டியில் எல்லா இருக்கையும் நிமிர்ந்திருக்கும்போது 270 லிட்டர். குழந்தைத் தள்ளுவண்டி அதில் அடங்குமா என்பதை லிட்டர் கணக்கு சொல்லாது. தள்ளுவண்டியையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்கும் வண்டி வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. மூன்றாம் வரிசைக்குப் போக நடு இருக்கையைச் சாய்த்து முன்னே தள்ள வேண்டும். அதில் குழந்தை இருக்கை பூட்டியிருந்தால் பல வண்டிகளில் அது நகராது. பின்னால் போகிறவர் டிக்கி வழியாக ஏற வேண்டியதுதான். நடு வரிசையின் நடுவில் நடைவழி விட்டிருக்கும் ஆறு இருக்கை வகை உங்களுக்கு இதனால்தான் பொருந்தும்: சின்னவர்கள் இருவரும் நடு வரிசையில், மகள் பின்னால். அவள் தன் இருக்கைக்கு மிஞ்சி வளர்ந்ததும் முதுகுச் சாய்வுள்ள பூஸ்டருக்கு, அதாவது வண்டியின் பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கைக்கு, மாறலாம். அதற்கு ஐசோஃபிக்ஸ் இல்லாவிட்டாலும் சாதாரண மூன்று முனை பெல்ட் போதும். அதுவரை, மூன்றாம் வரிசையில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா, அல்லது அவளுடைய இப்போதைய இருக்கையை பெல்ட்டால் கட்ட அதன் கையேடு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலை மறைத்துத் திரைபோல் விரியும் பக்கவாட்டு ஏர்பேக் மூன்றாம் வரிசைவரை நீள்கிறதா என்றும் கேளுங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னால் போதாது, கையேட்டில் காட்டச் சொல்லுங்கள்.

எஸ்யூவிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், நகரும் கதவுள்ள எம்பிவி (வேன் போன்ற குடும்ப வண்டி) ஒன்றையும் பார்த்துவிடுங்கள். மூன்று சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதைவிட வசதியான வண்டி இல்லை என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து வண்டி ஒட்டி நிற்கும்போதும் கதவு முழுதாகத் திறக்கும், தரை தாழ்வு, நிமிர்ந்து நின்றபடியே குழந்தையைப் பூட்டலாம்.

கேள்வி: நான் பார்த்துவைத்திருக்கும் இரண்டு எஸ்யூவிகளுக்கும் ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு மதிப்பீடு இருக்கிறது. பிறகென்ன, விலையைப் பார்த்து முடிவு செய்யலாம் அல்லவா?

பதில்: நட்சத்திரத்தோடு ஆண்டையும் பாருங்கள். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 1997-இல் தொடங்கியதிலிருந்து சோதனைகளைக் கடுமையாக்கிக்கொண்டே வருகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. 2025 வரையிலான மதிப்பீடுகளில் மொத்த நட்சத்திரத்தின் கீழே குழந்தைப் பயணிகளுக்கான மதிப்பெண் தனியாக இருக்கும். ஆறு வயது, பத்து வயதுக் குழந்தைகளின் அளவிலான பொம்மைகளை வைத்துச் சோதித்துத் தருகிறார்கள். எந்தெந்த இடத்தில் எந்த வகைக் குழந்தை இருக்கை சரியாகப் பொருந்துகிறது என்ற அட்டவணையும் அந்த அறிக்கையிலேயே உண்டு. குடும்பத்துக்காக வாங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பகுதி அதுதான்.

கேள்வி: எஸ்யூவியில் உயரமாக உட்காருவதால் சாலை நன்றாகத் தெரியும், அதனால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு என்கிறார் என் தம்பி. சரியா?

பதில்: தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது மறைந்துவிடும். நடக்கப் பழகிய குழந்தை உள்ள வீட்டில் ஆபத்து இப்படி அருகில் மறைவதில்தான். உயரமான, தட்டையான பானெட்டுக்கு முன்னால் இரண்டு வயதுக் குழந்தை நின்றால் ஓட்டுநருக்குத் தலைமுடிகூடத் தெரியாமல் போகலாம். பின்பக்கக் கேமராவின் அவசியத்தை உலகம் ஒருவழியாகப் புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் அது கட்டாயம். முன்பக்கத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாகவே வருத்தம்.

டெஸ்ட் டிரைவுக்கு முன் இதைச் செய்யுங்கள். வண்டி அணைந்து நிற்கட்டும். உங்கள் குழந்தையின் உயரத்துக்கு ஒரு குச்சியை நறுக்கிக்கொண்டு போய், பம்பரை ஒட்டி ஒருவரை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். குச்சியின் நுனி கண்ணுக்குத் தெரியும்வரை அவர் அடியடியாகப் பின்வாங்கட்டும். அந்த இடைவெளியை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி இது வெகுவாக மாறுபடும். வீட்டில் அதிகம் ஓட்டப்போகிறவர் குள்ளமானவர் என்றால் அவரை உட்காரவைத்து அளப்பதுதான் முறை. அளவு அதிகமென்றால் முன்பக்கக் கேமரா உள்ள வகையை வாங்குங்கள். கேமரா இருந்தாலும், வண்டியை எடுக்கும் முன் ஒரு பெரியவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தினமும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போய்வரக் குறுகிய தூரம்தான். டீசல் எஸ்யூவி மீது ஆசை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அது 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டும். சின்னச் சின்ன ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், கடைசியில் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். பெட்ரோல் அல்லது ஹைப்ரிட் பாருங்கள். மின்சார வண்டி என்றால் பின் இருக்கையில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் சில வண்டிகளில் முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. குழந்தைகளுக்கு இது உறைக்காது. நீண்ட பயணத்தில் பெரியவர்களுக்கு இடுப்பு வலிக்கும்.

கேள்வி: எங்களோடு இருக்கும் மாமியாருக்கு முழங்கால் வலி. எஸ்யூவியில் ஏற முடியுமா?

பதில்: அவரையே அழைத்துப் போங்கள். திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துவைக்கும் அளவுக்கு இருக்கை அவருடைய இடுப்பு உயரத்தில் இருந்தால் நல்லது. அதற்கு மேலே போனால் தாழ்வான காரைவிடச் சிரமம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே இருக்கிறது, வாசல்படி அகலமா என்பதையும் கவனியுங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை. இறங்கியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் உள்ள வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: சேறு, பனி, மணல் உள்ள வழியில் அடிக்கடி போகிறவர் என்றால் கொடுங்கள். அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் பிடிக்கும்போது உங்களைக் காப்பது டயர்தான். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் கூடுதல் ஏர்பேக்குக்கும் செலவிடலாம்.

கேள்வி: புதியது வாங்கக் கையில் பணமில்லை. பழைய ஏழு இருக்கை எஸ்யூவி ஒன்றைப் பார்த்திருக்கிறோம். எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: எஞ்சினை ஒரு நல்ல மெக்கானிக் பார்ப்பார். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. ஏழு பெல்ட்டுகளையும் கடைசிவரை இழுத்து, நூல் பிரிந்திருக்கிறதா, விட்டதும் தானாகச் சுருண்டு போகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வரிசை பெல்ட்டுகளை யாரும் தொட்டே இருக்கமாட்டார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், விளக்கையே கழற்றிவைத்துக் குறையை மறைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஐசோஃபிக்ஸ் கம்பிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிறுவனம் திரும்பப் பெற்றுச் சரிசெய்யச் சொன்ன குறை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியிலும் அந்த எண்ணைப் பாருங்கள். வண்டியோடு பிறந்த ஸ்டெப்னி அப்படியே கிடந்தால், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.