கசப்பு நீரில் பொட்டாஷ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் பொட்டாசியம் இருக்கிறது, உரமாக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் ஏன் பல இடங்களில் அதைக் கடலிலேயே திறந்து விடுகிறார்கள்?

பதில்: இருப்பது உண்மைதான். கடல் நீரில் லிட்டருக்கு 0.4 கிராம் பொட்டாசியம். அது வெயிலில் சுண்டச் சுண்ட, முதலில் ஜிப்சம், அப்புறம் உப்பு என்று ஒவ்வொன்றாகப் படிந்துபோய், நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானி 29, 30 டிகிரி காட்டும் கசப்பு நீராகும்போது லிட்டருக்குச் சுமார் 10 கிராமுக்கு வந்துவிடும். இதுவரை எல்லாம் வெயில் இலவசமாகச் செய்த வேலை. அதையே அடுப்பு வைத்துச் செய்வதாக இருந்தால், ஒரு கன மீட்டர் கடல் நீரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும், கையில் நிற்பதோ முக்கால் கிலோ பொட்டாசியம் குளோரைடு! அதனால் பொட்டாஷுக்காக, அதாவது பொட்டாசிய உரத்துக்காக, மட்டும் யாரும் கடலைக் காய்ச்சுவதில்லை, உப்புத் தொழிலோடு ஒட்டிக்கொண்டுதான் அது வர முடியும்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். கசப்பு நீரை மேலும் காயவிட்டால் பொட்டாசியம் தனியாக வராது, மக்னீசியத்தையும் சேர்த்துக்கொண்டு கைனைட்டாகவும் (சல்பேட்டும் குளோரைடும் கலந்த உப்பு) பிறகு கார்னலைட்டாகவும் (குளோரைடு மட்டும் உள்ள உப்பு) படியும், கூடவே சாதாரண உப்பும் கலந்திருக்கும். எந்த டிகிரியில் நீரை அடுத்த பாத்திக்கு மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சரக்கின் தரம். அவசரப்பட்டால் உப்பு அதிகம் கலந்துவிடும், தாமதித்தால் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்து படிந்துவிடும், நடுவில் மழை பெய்தால் படிந்ததே கரைந்து போய்விடும்.

கார்னலைட் கிடைத்தால் வழி எளிது. அளவாகத் தண்ணீர் சேர்த்தால் மக்னீசியம் குளோரைடு கரைந்து வெளியேறும், பொட்டாசியம் குளோரைடு பெரும்பகுதி திடமாகத் தங்கும். கலந்திருக்கும் உப்பைப் பிரிக்க ஓர் அழகான உத்தி இருக்கிறது: சூடேற்றினால் பொட்டாசியம் குளோரைடு மிக அதிகமாகக் கரையும், உப்போ சூட்டைக் கண்டுகொள்வதே இல்லை. கொதிநீரில் கரைத்து, வடித்து, ஆறவிட்டால் முதலில் வருவது நமக்கு வேண்டியதுதான். சாக்கடலில் 1930களிலிருந்து பொட்டாஷ் எடுப்பது கார்னலைட்டிலிருந்துதான். அந்த நீரில் சல்பேட் மிகக் குறைவு, அது ஒரு கொடுப்பினை. சாதாரணக் கடல் நீரில் சல்பேட் இருப்பதால் கைனைட் குறுக்கே வரும். அதை வீணாக்காமல் ஷோனைட் என்ற, பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த சல்பேட் இரட்டை உப்பாக மாற்றி, பொட்டாசியம் குளோரைடோடு வினைபுரிய வைத்தால் பொட்டாசியம் சல்பேட் கிடைக்கிறது. குஜராத்தின் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய முறை இந்த வழியில் போவதுதான். குளோரைடு ஒத்துக்கொள்ளாத புகையிலை போன்ற பயிர்களுக்கு இந்தச் சல்பேட் உரம்தான் வேண்டும், விலையும் கூடுதல். என்னைக் கேட்டால், கசப்பு நீரில் கை வைப்பவர்கள் இதைத்தான் குறிவைக்க வேண்டும், கூடவே புரோமினையும் மக்னீசியத்தையும் விற்க வழி பார்க்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடைப் பூமிக்கடியில் கட்டிகட்டியாக வெட்டி எடுப்பவர்களோடு விலையில் மோதுவது வீண் வேலை.

கேள்வி: வெயிலே வேண்டாம், ஏதாவது ரசாயனம் போட்டுப் பொட்டாசியத்தை மட்டும் பிடிக்க முடியாதா?

பதில்: முடிந்திருக்கிறது. நார்வேக்காரரான கீலாண்ட் டைபிக்ரிலமைன் என்ற பொருளைக் கொண்டு கடல் நீரிலிருந்து பொட்டாசியத்தை மட்டும் வீழ்படிவாக்கிக் காட்டினார். ஆனால் அந்தப் பொருள் நச்சு, போதாததற்கு வெடிக்கவும் செய்யும். அதில் ஒரு துளிகூட வீணாகாமல் மீட்டால்தான் கணக்குக் கட்டுப்படியாகும், உரத் தொழிற்சாலையில் இது எவ்வளவு தலைவலி என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைக் கழிவிலிருந்து எடுக்கலாமா?

பதில்: அது கடல் நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குதான் அடர்த்தி, அதாவது லிட்டருக்கு 0.8 கிராம் அளவு. நேரடியாக எடுக்க அது போதாது. பக்கத்தில் உப்பளம் இருந்தால் அந்தப் பாத்திக்கு அனுப்பலாம், ஆவியாக்கும் வேலையில் பாதி மிச்சம்.