செருப்பு ஆர்க்கிட்: குருத்தில் தண்ணீர் நிற்கலாமா?

கேள்வி: கேமரன் மலையில் வாங்கிய இரண்டு செருப்பு ஆர்க்கிட் சட்டிகளை டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் செடிகளோடு வைத்து, மாலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்றின் குருத்து பழுப்பாகி நாறுகிறது. மற்றொன்று ஒருமுறை பூத்ததோடு சரி. என்ன செய்யலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, டெண்ட்ரோபியத்தோடு வைத்தீர்களே, கோளாறு அங்கேதான். அதற்குத் தண்டிலேயே தண்ணீர் இருப்பு உண்டு. நாலு நாள் மறந்தாலும் தாங்கும், வெயிலும் கேட்கும். செருப்பு ஆர்க்கிட்டுக்கு அந்தத் தடித்த தண்டு கிடையாது. காட்டு நிழலில், இலைமக்கில் வளரும் சாதி. வேரில் எப்போதும் லேசான ஈரம் வேண்டும். குருத்தில் மட்டும் ஈரம் தங்கக் கூடாது. மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவு முழுக்க இலையிடுக்கில் நின்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பாக்டீரியாவுக்கு அதுவே போதும். செம்பனையிலும் தென்னையிலும் குருத்தழுகல் பார்த்திருப்பீர்கள். இது இன்னும் வேகம்.

நாறும் செடியை இன்றே தனியே வையுங்கள். கத்தியை நெருப்பில் காட்டி, நல்ல பகுதி தெரியும்வரை அழுகலை வெட்டியெடுத்து, வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். வேரில் தூள் பட வேண்டாம், காய்ந்துவிடும். நடுக்குருத்து போனாலும் பக்கக்கன்று இருந்தால் செடி பிழைக்கும்.

பிறகு காலையில் மட்டும், சட்டி ஓரமாக ஊற்றுங்கள். மழை விழாத கூரையடியில், காலை வெளிச்சம் பரவலாக வரும் இடம் நல்லது. சட்டி சிறியதாக, வேர் அடங்கும் அளவே போதும். பொடி மரப்பட்டையும் சிறு கரித்துண்டும் கலந்து நட்டு, வருடம் ஒருமுறை கலவையை மாற்றுங்கள். உரம் டப்பாவில் சொன்னதில் கால் பங்கு, இரு வாரத்துக்கு ஒருமுறை.

பூக்காத செடி? வாழை மாதிரிதான் இதுவும். ஒருமுறை பூத்த இலைக்கொத்து மறுபடி பூக்காது, அதன் கன்றுதான் பூக்கும். கன்று முதிரப் பொறுத்திருங்கள். ஆனால் இலை புள்ளியில்லாத பச்சையாக, பூ பெரிய ஒற்றைப் பூவாக இருந்தால், அது குளிர்ந்த இரவு கேட்கும் கலப்பினமாக இருக்கலாம். அதை இங்கே பூக்க வைப்பது சிரமம், ஆசை காட்ட மாட்டேன்.

நம் சூட்டுக்குப் புள்ளி இலை வகைகளே தோது. தீபகற்பத்து மலைகளின் பார்பேட்டம், லங்காவிச் சுண்ணாம்புப் பாறைகளின் வெள்ளைப்பூ நிவியம் இரண்டும் நம் நாட்டுச் செடிகள்தான். நிவியத்துக்கு மட்டும் நொறுக்கிய சிப்பி ஓடு ஒரு பிடி சேருங்கள். நாற்றங்காலில் வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். மலையிலிருந்து பிடுங்கிவந்து சாலையோரம் விற்பதைத் தொடாதீர்கள். இந்தச் சாதி முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, போதாததற்கு வேரறுந்த அந்தச் செடிகள் பெரும்பாலும் பிழைப்பதுமில்லை.