இருட்டுவதற்குள் கூடாரம் நிற்க வேண்டும்

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஜூலையில் மாணவர் குழு ஒன்றோடு கென்யா போகிறேன். நைரோபியில் பெரிய லொறியில் ஏறி, முதல் இரவு நைவாஷா ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்குவதாகத் திட்டம். நான் கூடாரத்தில் படுத்ததே இல்லை, முதல் நாளை நினைத்தால்தான் பயம். அம்மா சிங்கத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறா. (வாசகி, வந்தாறுமூலை)

பதில்: தங்கச்சி, அம்மா சிங்கத்தை விட்டுவிடட்டும். நைவாஷாவில் நீங்கள் பயப்பட வேண்டியது நீர்யானைக்கு. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், இருட்டியதும் புல் மேயக் கரையேறும், விடிவதற்குள் திரும்பிவிடும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆள் நின்றால்தான் பெரிய ஆபத்து. அம்பாறைப் பக்கம் யானை நடமாடும் ஊர்களில் விடியற்காலையில் தனியாக வெளியே போகாதே என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே புத்திதான் அங்கேயும் வேண்டும்.

இதை ஏன் முதல் நாளுக்கென்று சொல்கிறேன் என்றால், கென்யா நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வழக்கமாக ஆறரைக்கு எழும்புகிறவருக்கு அங்கே முதல் இரவு நாலு மணிக்கே விழிப்பு வரும், மலசலகூடம் போகவேண்டும் போல இருக்கும், வெளியே கும்மிருட்டு, நீர்யானை இன்னும் கரையில் நிற்கக்கூடிய நேரம். அதனால் போய்ச் சேர்ந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே மலசலகூடத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். முகாமில் மின்வேலி இருந்தால் அது எங்கே போகிறது, இரவில் எதுவரை போகலாம் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படவே வேண்டாம். ஒரே கூடாரத்தில் படுக்கிற பிள்ளையோடு, இரவில் யார் எழும்பினாலும் மற்றவரை எழுப்புவது என்று பேசிக்கொள்ளுங்கள். தலையில் மாட்டுகிற டோர்ச் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கூடாரம் அடிப்பது கஷ்டமில்லை, இரண்டு பேர் போதும். ஆனால் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பொழுது சட்டென்று விழும், ஆறரையை ஒட்டிச் சூரியன் போனால் சற்று நேரத்தில் இருள்தான். நைரோபியில் இருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர், வழியில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்க நிறுத்துவார்கள், நன்றாகப் பாருங்கள், அப்படியொரு காட்சி நம் நாட்டில் இல்லை. இறங்கியதும் போனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஓடாமல் முதலில் முளையை அடியுங்கள். சப்பாத்தைக் கூடாரத்துக்குள்ளேயே வையுங்கள், காலையில் உதறிப் போடுங்கள்.

அப்புறம் குளிர். ஆபிரிக்கா என்றதும் எல்லோரும் மட்டக்களப்பு வெயிலுக்கான உடுப்பையே அடுக்குகிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், நைவாஷா ஏரியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், ஜூலை அங்கே குளிர்காலம். ஸ்வெட்டர், காலுறை, தடித்த ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் போனால் முதல் இரவு தூக்கமே வராது.

சமையல் பெரும்பாலும் முறை போட்டுத்தான். காய் வெட்டவும் பாத்திரம் கழுவவும் நீங்களாகவே முன்னுக்குப் போங்கள், மற்றவர்களோடு பழக்கம் அங்கேதான் பிடிக்கும். கழுவிய தட்டைத் துணியால் துடைக்காமல் கையில் பிடித்து வீசிக் காய வைப்பார்கள். அழுக்குத் துணி வழியாக வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் பரவாமல் இருக்கத்தான் அது, நீங்களும் அப்படியே செய்யுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் புறப்படும் முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள்.

உடுப்பை சொப்பிங் பேக்கில் சுற்றி வைக்காதீர்கள், கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. துணிப்பை போதும். பிளக் நம்முடைய சதுர மூன்று முள் பிளக்தான்.

கேள்வி: என் மகனும் இப்படி ஒரு பயணம் போக நிற்கிறான். ஊசி, மருந்து எல்லாம் எப்போது பார்க்க வேண்டும்? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இப்போதே. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். கென்யாவில் இருந்து திரும்பும்போது இலங்கையிலேயே அதைக் கேட்பார்கள். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள், கிழக்கிலிருந்து போய்வர ஒரு நாளை ஒதுக்குங்கள். மலேரியா மாத்திரையை மலேரியா தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது. நம் நாடு மலேரியா அற்ற நாடு என்று 2016இல் சான்று பெற்றுவிட்டதால் காய்ச்சல் என்றால் இங்கே முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள், ஆகவே மகன் வந்த பிறகு காய்ச்சல் கண்டால், மாதங்கள் கழிந்திருந்தாலும், ஆபிரிக்கா போய்வந்ததை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.